பத்தாண்டுச் செயற்கைக்கோள் தரவும் காவிரிப் படுகை நெல் பரப்பும்: எதைச் சேமிப்பது, எதை விடுவது?

கேள்வி: வெண்ணாறு

அனைவருக்கும் வணக்கம். வேளாண் தொலையுணர்வில் முனைவர் பட்ட ஆய்வு செய்துவருகிறேன். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை ஆகிய மாவட்டங்களில் 2016 முதல் இன்று வரை ஒவ்வொரு பருவத்திலும் நெல் எங்கே பயிரானது, நடவு எந்த வாரத்தில் தொடங்கியது, எந்த நிலம் தரிசாகக் கிடந்தது என்பதைக் கிராம வாரியாகக் காட்டும் அட்டவணை ஒன்றை உருவாக்க வேண்டும். குறுவை, சம்பா, தாளடி மூன்றையும் பிரித்துக் காட்ட வேண்டும் என்பது என் வழிகாட்டியின் எதிர்பார்ப்பு.

ஐரோப்பியச் செயற்கைக்கோள்களான சென்டினல்-1இன் ரேடார் படங்களும் சென்டினல்-2இன் ஒளியியல் படங்களும் இலவசமாகக் கிடைப்பதால், ஆய்வகத்தில் முன்பிருந்தவர்கள் தொடங்கிய பதிவிறக்கத்தை நானும் தொடர்ந்தேன். இப்போது வன்தட்டுகள் அனைத்தும் நிரம்பிவிட்டன. ஒரே நாளில் எடுத்த ஒரே படம் ஜிப் கோப்பாகவும், விரித்த கோப்புறையாகவும், திருத்திய நகலாகவும், எல்லை வெட்டிய நகலாகவும் வெவ்வேறு இடங்களில் கிடக்கிறது. எந்த நகலுக்கு எந்தத் திருத்தம் செய்யப்பட்டது என்பதற்குக் குறிப்பு ஏதும் இல்லை. புதிய வன்தட்டுகள் வாங்குவதா, பழையவற்றை அழிப்பதா, அல்லது முழுவதையும் கிளவுடுக்கு மாற்றுவதா என்று முடிவெடுக்க முடியவில்லை.

தரவைப் பொறுத்தும் ஐயங்கள் இருக்கின்றன. சம்பா பயிர் வளரும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் வடகிழக்குப் பருவமழை மேகம் ஒளியியல் படங்களை ஏறத்தாழ முழுவதும் மறைத்துவிடுகிறது. மேலும், சென்டினல்-2 கொண்டு வரைந்த என்.டி.வி.ஐ. (பயிரின் பசுமையைக் காட்டும் குறியீட்டெண்) வரைபடத்தில் 2022 ஜனவரி இறுதியிலிருந்து எல்லா வயல்களிலும் மதிப்பு ஒரேயடியாக இறங்கித் தெரிகிறது. அந்த ஆண்டு பயிர் அப்படிக் கெட்டுப்போகவில்லை என்று விவசாயிகள் உறுதியாகச் சொல்கிறார்கள். இத்துறையில் அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் மிகவும் உதவியாக இருக்கும்.

பதில் 1: வான்வழித்தடம்

வணக்கம். முதலில் பதிவிறக்கத்தை நிறுத்துங்கள். வன்தட்டு வாங்குவதைப் பற்றி அதன் பிறகு யோசிக்கலாம்.

இத்துறையில் படங்களைச் சேர்த்து வைக்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. லேண்ட்சாட் வரிசையின் முதல் செயற்கைக்கோள் 1972 ஜூலையில் ஏவப்பட்டது. ஆனால் அந்தப் படங்கள் நெடுங்காலம் விலைக்குத்தான் கிடைத்தன. லேண்ட்சாட்-7 படம் ஒன்றுக்கு 600 டாலர் வரை கொடுக்க வேண்டியிருந்தது. அப்படி வாங்கிய படத்தைப் பத்திரமாகப் பூட்டி வைப்பதில் பொருள் இருந்தது. ஓர் ஆய்வாளர் ஆண்டுக்கு ஒரு நல்ல படத்தைத் தேர்ந்தெடுத்து, அதிலேயே முழு ஆய்வையும் முடிப்பார். 2008இல் அமெரிக்க நிலவியல் அளவைத் துறை லேண்ட்சாட் காப்பகத்தை இலவசமாகத் திறந்துவிட்ட பிறகு, ஒரு நல்ல படத்தைத் தேடுவதற்குப் பதிலாக, ஒவ்வொரு பிக்சலிடமும் அதன் முழு வரலாற்றைக் கேட்கும் முறை சாத்தியமாயிற்று. 2013இல் வெளிவந்த உலகக் காடுகள் மாற்ற வரைபடத்துக்கு 6,54,178 லேண்ட்சாட் படங்கள் பயன்பட்டன. 2016இல் ஐரோப்பிய ஆணையத்தின் கூட்டு ஆராய்ச்சி மையம் வெளியிட்ட உலக நீர்ப்பரப்பு வரைபடம், 1984 முதல் 2015 வரையிலான ஏறத்தாழ 30 லட்சம் படங்களைக் கடந்து வந்தது. இரண்டுமே கூகுளின் கிளவுட் கணிப்புத் தளமான எர்த் எஞ்சினில், தரவு இருந்த இடத்திலேயே கணக்கிடப்பட்டவை. எவரும் 30 லட்சம் படங்களைத் தம் மேசைக்குக் கொண்டுவரவில்லை.

உங்கள் தேவையை ஒரு சிறு கணக்கில் வைத்துப் பாருங்கள். சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் இரண்டும் சேர்ந்து ஐந்து நாளுக்கு ஒரு முறை ஓர் இடத்தைப் படம் எடுக்கின்றன. அதாவது ஆண்டுக்கு 73 முறை. படங்கள் கட்டம் கட்டமாகப் பிரித்தே தரப்படுகின்றன; நான்கு மாவட்டங்களை நிரப்ப மூன்று அல்லது நான்கு கட்டங்கள் தேவைப்படும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு கிகாபைட். ஆக, ஓர் ஆண்டுக்கே இருநூறு, முந்நூறு கிகாபைட் சேர்ந்துவிடும். இப்போது நீங்கள் உண்மையில் விரும்புவது என்ன என்று பாருங்கள். ஒரு லட்சம் வயல்கள், ஆண்டுக்கு 30 ரேடார் நாள்கள், வயலுக்கு இரண்டு எண்கள் என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 60 லட்சம் எண்கள். எண்ணுக்கு நான்கு பைட் என்றால் 24 மெகாபைட். பத்தாண்டுக்கும் சேர்த்து 240 மெகாபைட்தான். உங்கள் ஆய்வுக்கு வேண்டிய அட்டவணை ஒரு பென் டிரைவின் மூலையில் அடங்கும். படங்களிலிருந்து இந்த அட்டவணைக்கு வரும் பாதையைத்தான் நீங்கள் கட்டிக் காக்க வேண்டும்.

அந்தப் பாதைக்கு இன்று இரண்டு நல்ல வழிகள் உள்ளன. ஒன்று எர்த் எஞ்சின். கல்வி ஆய்வுக்குக் கட்டணமில்லை, சென்டினல்-1 படங்களுக்கான அடிப்படைத் திருத்தங்கள் அங்கே ஏற்கெனவே செய்யப்பட்டிருக்கின்றன. மற்றொன்று, ஸ்டாக் எனப்படும் பொதுப் பட்டியல் முறையில் தேடி, கிளவுடுக்கு ஏற்ற ஜியோடிஃப் (இடக்குறிப்புடன் கூடிய பட வடிவம்) கோப்புகளிலிருந்து வேண்டிய பகுதியை மட்டும் படிப்பது. இந்தக் கோப்புகளுக்குள் படம் சிறு சிறு சதுரங்களாக அடுக்கப்பட்டு, எந்தச் சதுரம் எந்த பைட்டில் தொடங்குகிறது என்ற குறிப்பு முன்பகுதியிலேயே இருக்கும். மென்பொருள் முதலில் அந்தக் குறிப்பை மட்டும் படித்து, உங்கள் கிராமம் விழும் சதுரங்களை மட்டும் இணையத்தின் வழியே கேட்டு வாங்கிக்கொள்ளும். மன்னார்குடிக்கு அருகே ஒரு கிராமத்துக்காக, 110 கிலோமீட்டர் அகலமுள்ள கட்டம் முழுவதையும் இறக்க வேண்டியதில்லை. லேண்ட்சாட்டின் இரண்டாம் தொகுப்பு முழுவதும் இந்த வடிவில்தான் இருக்கிறது. சென்டினல்-2இன் நிலமட்டப் பிரதிபலிப்புப் படங்களும் (வளிமண்டலத்தின் விளைவை நீக்கியவை) அமேசான் கிளவுடில் இவ்வடிவில் கிடைக்கின்றன.

இப்போதே இப்பழக்கத்துக்கு வருவது நல்லது என்பதற்கு நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து உருவாக்கிய நைசார் ரேடார் செயற்கைக்கோள் ஒரு காரணம். 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட அந்தச் செயற்கைக்கோள் 12 நாளுக்கு ஒரு முறை ஓரிடத்துக்குத் திரும்பி வருகிறது. அதன் தரவுப் பொருள்கள் நாளொன்றுக்கு 80 டெராபைட் அளவுக்கு இருக்கும் என்பது நாசாவின் மதிப்பீடு. அதை எந்த ஆய்வகமும் வன்தட்டில் சேர்த்து வைக்க இயலாது.

பதில் 2: சம்பாப்பயிர்

மேகச் சிக்கலுக்கு மட்டும் என் பங்கைச் சொல்கிறேன். நெல்லுக்கு ரேடார்தான் முதன்மைத் தரவு. ஒளியியல் படம் துணை என்று வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் முதலியவை சேர்ந்து நடத்திய ரைஸ் திட்டமும் ரேடார் படங்களை அடிப்படையாகக் கொண்டே நம் மாநிலத்தின் நெல் பரப்பைக் கணித்தது.

சேற்றுழவு முடிந்து நீர் நிற்கும் வயல், ரேடார் அலையைக் கண்ணாடியைப் போல வேறு பக்கம் தெறித்துவிடும். அதனால் சென்டினல்-1இன் வி.எச். முனைவாக்கத்தில் (செங்குத்தாக அனுப்பி, கிடைமட்டமாகப் பெறும் அலை) அந்த வயல் மிக இருண்டு, பொதுவாக மைனஸ் 20 டெசிபெல்லுக்குக் கீழே இறங்கித் தெரியும். நாற்று வேர்பிடித்துத் தூர்கட்டும்போது மதிப்பு வாரந்தோறும் ஏறி, கதிர் வரும் காலத்தில் மைனஸ் 15க்கு அருகே போய்ச் சமன்படும். இந்தப் பள்ளமும் அதைத் தொடர்ந்த ஏற்றமும் சேர்ந்ததே நெல்லின் கையொப்பம். பள்ளம் விழுந்த நாள் உங்களுக்கு நடவு வாரத்தைத் தரும். பள்ளம் விழுந்தும் ஏற்றம் வராத நிலம் குளமாகவோ வெள்ளம் தேங்கிய தரிசாகவோ இருக்கும்.

இங்கே மூன்று இடங்களில் கவனம் தேவை. செயற்கைக்கோள் வடக்கு நோக்கிப் போகும்போது எடுத்த படத்தையும் தெற்கு நோக்கி வரும்போது எடுத்த படத்தையும் ஒரே தொடரில் கலக்காதீர்கள். அலை விழும் கோணம் மாறுவதால், பயிர் அப்படியே இருக்க எண் மட்டும் ஏறி இறங்கும். இரண்டாவது, வயலுக்குள் சராசரி எடுக்கும்போது டெசிபெல் எண்களைச் சராசரியாக்கக் கூடாது. மைனஸ் 10, மைனஸ் 20 ஆகிய இரண்டின் சராசரி மைனஸ் 15 என்று தோன்றும். ஆனால் அவற்றின் உண்மையான ஆற்றல் 0.1, 0.01, சராசரி 0.055, அதைத் திரும்ப டெசிபெல்லாக்கினால் மைனஸ் 12.6 வருகிறது. பல ஆய்வுக் கட்டுரைகளிலேயே இந்த வேறுபாடு கவனிக்கப்படாமல் போயிருக்கிறது.

மூன்றாவதே மிக முக்கியமானது என்று கருதுகிறேன். திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களின் கடைமடைப் பகுதிகளில் சம்பாவுக்குப் புழுதி விதைப்பு பரவலாக உண்டு. காய்ந்த நிலத்தில் விதைத்து, மழைக்கோ வாய்க்கால் நீருக்கோ காத்திருக்கும் அந்த வயலில் நடவுக்கால நீர்ப்பள்ளம் ரேடாரில் தெரியாது. பள்ளத்தை மட்டும் தேடும் நிரல் அவ்வளவு நிலத்தையும் தரிசு என்று எழுதிவிடும். எந்த விவசாயி நீருக்காகக் கடைசியில் காத்திருக்கிறாரோ, அவருடைய நிலமே உங்கள் அட்டவணையிலும் விடுபட்டுப் போகும் என்பதை மறந்துவிடாதீர்கள். புழுதி விதைப்பு வயல்களுக்குத் தனி மாதிரித் தொடர்களைக் களத்திலிருந்து திரட்டி, தனி வகையாகவே நிரலுக்குப் பயிற்றுவியுங்கள்.

பருவங்களைப் பிரிக்க நாள்காட்டித் தேதிகளை நிலையாக வைப்பதும் நம் பகுதிக்குப் பொருந்தாது. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12 அன்று திறக்கப்பட வேண்டும். 2022இல் மே 24 அன்றே திறந்தார்கள், 2024இல் ஜூலை 28 வரை தள்ளிப்போயிற்று. ஒரே சாளரத்தை எல்லா ஆண்டுக்கும் வைத்தால், ஓராண்டின் குறுவை மற்றோர் ஆண்டின் சம்பாவாகக் கணக்கில் ஏறும். அணை திறந்த நாளிலிருந்து வாரங்களை எண்ணுங்கள்; நிலத்தடி நீரில் முன்னதாகவே குறுவை நடும் கிராமங்களை மட்டும் தனியே குறித்துக்கொள்ளுங்கள்.

வெண்ணாறு

இருவருக்கும் மிக்க நன்றி. 24 மெகாபைட் கணக்கைப் பார்த்த பிறகு, இதுவரை எதைச் சேமித்துக்கொண்டிருந்தோம் என்பது தெளிவாயிற்று. புழுதி விதைப்பைப் பற்றிச் சொன்னது ஆய்வின் வடிவத்தையே மாற்றுகிறது. 2022 என்.டி.வி.ஐ. வீழ்ச்சிக்கு யாரேனும் காரணம் சொல்ல முடியுமா? மென்பொருளை மாற்றிப் பார்த்தும் அதே விடைதான் வருகிறது.

பதில் 3: வான்வழித்தடம்

அது பயிரின் வீழ்ச்சி இல்லை. 2022 ஜனவரி 25 முதல் ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் சென்டினல்-2 படங்களைத் தயாரிக்கும் முறையின் 04.00 பதிப்புக்கு மாறியது. அதிலிருந்து ஒவ்வொரு பிக்சல் எண்ணுடனும் 1000 கூட்டிச் சேமிக்கிறார்கள். மிக இருண்ட பரப்புகளில் திருத்தத்துக்குப் பின் எதிர்மறையாக வரும் மதிப்புகள் வெட்டுப்படாமல் காப்பாற்றப்பட வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. பயன்படுத்துபவர் 1000ஐக் கழித்த பிறகே 10,000ஆல் வகுக்க வேண்டும்.

கழிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை ஒரு வயலில் பாருங்கள். அகச்சிவப்பில் 4000, சிவப்பில் 500 காட்டும் செழித்த நெல் வயலின் என்.டி.வி.ஐ. 3500ஐ 4500ஆல் வகுக்க 0.78. இரண்டிலும் 1000 கூடியிருந்தால் கழித்தல் அப்படியே 3500. கூட்டல் மட்டும் 6500 ஆகிவிடும். விடை 0.54. உங்கள் வரைபடத்தில் இறங்கியதும் ஏறத்தாழ இந்த அளவாகத்தான் இருக்கும். எர்த் எஞ்சினில் ஹார்மனைஸ்டு என்று பெயரிட்ட தொகுப்பை எடுத்தால் இந்த வேறுபாடு முன்கூட்டியே நீக்கப்பட்டிருக்கும். நீங்களே கோப்புகளைப் படிப்பதாக இருந்தால், தேதியைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். பழைய ஆண்டுகளின் படங்களும் புதிய முறையில் மறுபடி தயாரிக்கப்பட்டு வெளிவந்திருப்பதால், 2019இன் படத்திலும் அந்த 1000 இருக்கக்கூடும். ஒவ்வொரு படத்தின் விவரக்கோப்பிலும் உள்ள பதிப்பு எண்ணைப் படித்துத்தான் கழிக்க வேண்டும்.

உங்கள் ஆய்வகத்து வன்தட்டில் உள்ள நகல்களை நம்பக் கூடாது என்று சொல்வதற்கும் இதுவே காரணம். எந்தப் பதிப்பு, எந்தத் திருத்தம் என்ற குறிப்பில்லாத நகலிலிருந்து எடுக்கும் எண்ணுக்குப் பொருள் கிடையாது. லேண்ட்சாட்டையும் சேர்ப்பீர்களானால் அதற்கு வேறு கணக்கு: இரண்டாம் தொகுப்பின் நிலமட்டப் பிரதிபலிப்பு எண்ணை 0.0000275ஆல் பெருக்கி 0.2ஐக் கழிக்க வேண்டும்.

பதில் 4: நிலஅளவை

கேள்வி கேட்டவர் கிராம வாரியான அட்டவணை என்று தொடங்கியிருக்கிறார். இதுவரை வந்த விடைகள் தரவோடு நின்றுவிட்டன. அந்த அட்டவணையை வட்டார வேளாண் அலுவலரோ வட்டாட்சியரோ கையில் எடுத்தால் முதலில் கேட்பது, இது அடங்கலோடு (கிராமத்தின் பயிர்ப் பதிவேடு) பொருந்துகிறதா என்பதுதான். அந்தக் கேள்விக்கு ஆயத்தமாக இருங்கள்.

நம் படுகையில் வயல்கள் சிறியவை. 10 மீட்டர் பிக்சலில் ஓர் ஏக்கர் நிலம் ஏறத்தாழ 40 பிக்சல். அவற்றிலும் ஓரத்தில் இருப்பவை வரப்பையும் வாய்க்காலையும் பக்கத்து வயலையும் கலந்து காட்டும். புல வரைபடங்களின் எல்லையைச் செயற்கைக்கோள் படத்தின் மேல் வைத்தால், பத்து மீட்டர் வரை நகர்ந்து நிற்பது இயல்பு. ஆகவே எல்லையிலிருந்து ஒரு பிக்சலை உள்ளே தள்ளி எடுத்துக்கொண்டு, சர்வே எண் வாரியாகத் தீர்ப்பு எழுதாமல், கிராமத் தொகையாக மட்டும் வெளியிடுங்கள். காப்பீட்டில் விதைப்பு பொய்த்த நிலத்துக்கு இழப்பீடு கோரும் இடங்களில் உங்கள் அட்டவணை மேற்கோள் காட்டப்படலாம். ஒரு தனி விவசாயியின் உரிமையை 40 பிக்சலை நம்பி மறுக்கும் நிலை உங்கள் ஆய்வால் வந்துவிடக் கூடாது.

பரப்பைச் சொல்லும்போது வரைபடத்தில் உள்ள நெல் பிக்சல்களை எண்ணி அதையே விடையாக எழுதாதீர்கள். எடுத்துக்காட்டாக, வரைபடம் ஒரு லட்சம் ஹெக்டேர் நெல் என்றும், மூன்று லட்சம் ஹெக்டேர் நெல் அல்லாதது என்றும் காட்டுகிறது என்று கொள்வோம். இரண்டு வகையிலும் சீட்டுக் குலுக்கிய மாதிரி இடங்களுக்கு நேரில் சென்று பார்த்ததில், நெல் என்றவற்றில் 10 சதவீதம் நெல் இல்லை, நெல் அல்ல என்றவற்றில் 5 சதவீதம் நெல்லாக இருக்கிறது. அப்போது உண்மைப் பரப்பின் மதிப்பீடு 90,000மும் 15,000மும் சேர்ந்த 1,05,000 ஹெக்டேர். அதற்குரிய பிழை எல்லையையும் பக்கத்திலேயே எழுதுங்கள். 95 சதவீதம் சரியான வரைபடம் என்று மட்டும் சொல்லி நிறுத்துவது அலுவலருக்கு ஒரு பயனும் தராது.

கிராம நிர்வாக அலுவலரின் அடங்கல் பதிவு ஒப்பீட்டுக்கு நல்ல துணை. ஆனால் அதுவே உண்மை, செயற்கைக்கோள் அதற்கு ஒத்துப்போக வேண்டும் என்று வைத்துக்கொண்டால் ஆய்வுக்கு அவசியமே இல்லை. இரண்டும் எங்கே முரண்படுகின்றனவோ அங்கே செல்லுங்கள். கற்றுக்கொள்வதற்கு அங்கேதான் அதிகம் இருக்கிறது.

வெண்ணாறு

மிகவும் நன்றி ஐயா. கடைசியாக ஓர் ஐயம். எல்லாவற்றையும் வெளியாரின் கிளவுடில் வைத்துச் செய்துவிட்டு, நாளை அந்தச் சேவை மாறிவிட்டாலோ நின்றுவிட்டாலோ பத்தாண்டு உழைப்பு என்னாகும்? வன்தட்டில் ஏதாவது வைத்துக்கொள்ளத்தானே வேண்டும்?

பதில் 5: வான்வழித்தடம்

நியாயமான கவலை. 2023இல், சென்டினல் படங்களைத் தரும் ஐரோப்பியத் திட்டமான கோப்பர்நிக்கஸின் பழைய பதிவிறக்கத் தளம் மூடப்பட்டு, புதிய தளத்துக்கு மாறியபோது, அதை நம்பி எழுதிய நிரல்கள் பலவும் நின்றுபோயின. மூலப்படங்கள் ஐரோப்பிய நிறுவனத்திடமும் அமேசானிலும் கூகுளிலும் வெவ்வேறு நகல்களாக இருப்பதால், அவை ஒரே நாளில் மறையப் போவதில்லை. இந்தியத் தரவு வேண்டுமானால், ஹைதராபாத் தேசியத் தொலையுணர்வு மையத்தின் பூநிதி தளத்தில் இந்தியச் செயற்கைக்கோளான ரிசோர்ஸ்சாட்டின் படங்களும் கிடைக்கின்றன; 2023ஆம் ஆண்டு இந்திய விண்வெளிக் கொள்கை பிக்சல் அளவு 5 மீட்டரும் அதைவிடப் பெரிதுமான படங்களை இலவசமாகத் தருகிறது.

வேறெங்கும் கிடைக்காதவை எவையோ, அவற்றை உங்கள் வன்தட்டில் வையுங்கள். வயல் வாரியான தொடர் எண்கள், பயன்படுத்திய ஒவ்வொரு படத்தின் முழுப்பெயரும் பதிப்பு எண்ணும், நிரலின் ஒவ்வொரு வடிவம், வயல் எல்லைக் கோப்பு, எல்லாவற்றுக்கும் மேலாகக் களத்தில் நேரில் பார்த்து எழுதிய பதிவுகள் ஆகியவையே அவை. 2018 சம்பாவில் ஒரு வயலில் என்ன பயிர் இருந்தது என்று கண்ணால் கண்டு எழுதிய வரியை எந்தச் செயற்கைக்கோளும் திரும்ப எடுத்துத் தராது. முன்பிருந்தவர்களின் கள ஏடுகள் ஆய்வகத்தில் எங்கேனும் இருந்தால், வன்தட்டைத் துடைப்பதற்கு முன் அவற்றைத் தேடி எடுத்துத் தட்டச்சு செய்துவிடுங்கள். இடமும் தேதியும் இருந்தால் போதும், ரேடார் தொடரோடு அவற்றை இப்போதும் இணைக்கலாம்.

ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். உங்கள் நான்கு மாவட்டங்களும் யூ.டி.எம். (பூமியை 6 பாகை அகல மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் ஆயமுறை) 44ஆம் மண்டலத்துக்குள் அடங்கிவிடுகின்றன. பின்னாளில் இதே முறையை மேற்கே கொண்டுசெல்வீர்களானால், 78 பாகை தீர்க்கரேகைக்கு அப்பால் கோயம்புத்தூர் 43ஆம் மண்டலத்தில் விழும். அதனால் வயல் எல்லைகளை இப்போதே அட்ச, தீர்க்கப் பாகைகளில் சேமித்து வைத்துக்கொண்டு, பரப்பைக் கணக்கிடும்போது மட்டும் மண்டலத்துக்கு மாற்றுங்கள்.